பதினேழாம் நம்பர் கை

சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்பே அவள் படித்துவிட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட். மேலே காற்றாலைக் கோபுரத் தொழிற்சாலையின் முத்திரை, நடுவில் 'வெல்டர் எண் 17', ஓரத்தில் ஒரு புகைப்படம். புகைப்படத்தில் மீசை இருந்தது.

"அண்ணே, இதுல உன் பேரு போட்டிருக்கு."

"பின்ன எதிர்வீட்டுக்காரன் பேரையா போடுவான்? அந்தச் சுத்தியல எடு."

எடுத்துக் கொடுத்தாள். கேட்டதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தே பழகிய கை அது.

அந்த வட்டாரத்துக்குத் தொழிற்சாலை வந்தபோது பட்டறைத் தெரு முழுக்க ஒரே பேச்சு. கோபுரத்தின் அடியில் ஆள் நுழைவதற்கு ஒரு கதவு இருக்கும். அதற்கான இரும்புச் சட்டம் அதுவரை எங்கிருந்தோ கப்பலில் வந்துகொண்டிருந்தது. இனி அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பட்டறையில் சர்டிபிகேட் வாங்கிய வெல்டர் ஒருவர் இருக்க வேண்டும். சோதனைத் தகட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இருபது வருஷம் காற்றில் ஆடி நிற்கப்போகிற கோபுரம், உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தாலும் நாளைக்கு விரிசல் விடும்.

அண்ணன் இரும்பு கேட், கிரில் செய்வதில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்வானேன். ஆனால் எக்ஸ்ரே மீசைக்கு மசியுமா? இரண்டு தடவை தகடு கொடுத்தார். இரண்டு தடவையும் ரொட்டித்துண்டு மாதிரி உள்ளே ஓட்டை ஓட்டையாக வந்தது.

கை அவளுக்குத்தான் இருந்தது. புருஷன் செத்து, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். முதலில் இரும்பைப் பிடித்துக்கொள்ள நின்றாள், பிறகு தானே வெல்டிங் ராடு பிடித்தாள். மூன்று வருஷத்தில் பட்டறையின் நுணுக்கமான வேலையெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தது. தெருவுக்கே அவள் பெயர் 'தங்கச்சி'. அண்ணிகூட அப்படித்தான் கூப்பிட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

மூன்றாவது சோதனைக்கு முன்னால் அண்ணன் அவளிடம் வந்து பேசிய பேச்சு அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது.

"பொம்பளன்னு தெரிஞ்சா டெஸ்டுக்கே விடமாட்டாங்க. நீ என் சட்டைய மாட்டிக்கிட்டு ஹெல்மெட்டப் போட்டுக்க. வாயத் தொறக்காத. பாஸ் ஆனதும் நானே உண்மையச் சொல்லி, உன் பேர எழுத வச்சுடறேன்."

நம்பினாள். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? சோதனைக்குப் பட்டறைக்கே வந்த இன்ஸ்பெக்டர், வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று திரைக்குப் பின்னால் போய் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளறையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். நெருப்புப்பொறி ஒன்று கையுறைக்குள் விழுந்து மணிக்கட்டைச் சுட்டது. கோடு கோணிவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

சர்டிபிகேட் இருந்தால் தொழிற்சாலையே வேலைக்கு எடுத்துக்கொள்ளும், தங்க ஓர் அறை தரும். இங்கே ராடு பெட்டிகளுக்கு நடுவில்தான் அவள் படுக்கை. தனக்கென்று ஒரு கதவு வரப்போகிறதென்ற ஆசையில் சின்னப் பூட்டு ஒன்றுகூட வாங்கி வைத்திருந்தாள்.

"எனக்குன்னுதானே சொன்ன?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"உனக்கு எனக்குன்னு பிரிச்சுப் பேசுறியே, நல்லாவா இருக்கு? ஆம்பள பேர்ல இருந்தாத்தான் ஆர்டர் வரும். அடுத்த தடவ உனக்குத்தான்."

"யார் பேர்ல இருந்தா என்ன தங்கச்சி? எல்லாரும் ஒரே வீட்லதானே சாப்பிடுறோம்" என்றாள் அண்ணி.

ஏழு மாதம் ஓடியது. அவள் சட்டம் சட்டமாக வெல்டிங் வைத்தாள். சாயங்காலம் அண்ணன் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர் பொறிக்கிற அச்சை வைத்து 'டக் டக்' என்று பதினேழு அடிப்பார். மகாராசனுக்கு அன்றைய வேலை அதோடு சரி. எக்ஸ்ரேயில் ஒன்றுகூடத் தவறவில்லை. செய்தித்தாளில் படம் வந்தது, உள்ளூர்ப் பட்டறையின் உலகத்தரம் என்று. படத்தில் அண்ணன் அவளுடைய ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த சோதனைக்கு அறிவிப்பு வந்தது.

"இந்தத் தடவ எனக்குண்ணே" என்றாள்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விண்ணப்பம் குடுத்தாச்சு. மச்சான் பேர்ல."

மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. ராடை எந்த முனையில் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"அவனுக்கு ஒரு வழி பண்ணணும்ல? நீ போன தடவ மாதிரி ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு நின்னா போதும். ஒரு மணி நேர வேல."

"எனக்கு?"

"உனக்கு எதுக்குடி பேரு? பேருக்கு அலையற பொம்பள எந்த வீட்டுக்கும் ஆகமாட்டா."

ஒரு தடவை ஏமாற்றியதைக்கூட ஆத்திர அவசரம் என்று விட்டிருப்பாள். ஏமாற்றி வாங்கிய கையையே இன்னொருத்தனுக்கு வாடகைக்கு விடத் துணிந்துவிட்டானே என்று மனசு வெந்தது. எழுந்து தட்டைக் கழுவினாள்.

மறுநாள் காலை ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பூட்டையும் எடுத்துக்கொண்டாள். அண்ணி வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க?"

"டெஸ்டுக்கு."

"எந்தம்பிக்கா?"

"எனக்கு."

அண்ணி வாசலை மறித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பொம்பளைங்கள டெஸ்டுக்கு விடுவீங்களா?"

"ஏம்மா, ஆரம்பத்துலேர்ந்து விட்டுட்டுத்தான் இருக்கோம். அதோ அந்த வரிசையில போய் நில்லு."

வரிசையில் அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஹெல்மெட்டும் சட்டையும் மூடிய வாயும் எதற்கென்று அங்கே நின்றபோதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் பேனா நின்றது. காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

சோதனைக்கூடத்து அதிகாரி அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மேசையிலிருந்து பளபளவென்று தேய்த்து வைத்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பழைய கதவுச் சட்டம் ஒன்றில் வெட்டி எடுத்தது.

"நல்லா பாத்துக்கம்மா. பதினேழாம் நம்பர் வச்சது. ஏழு மாசத்துல ஒரு ஓட்ட கெடையாது. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் இதத்தான் காட்டுறேன். இதுல பாதி வந்தாலே உனக்கு வேலை. வருமா?"

அவள் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"வரும் சார்."

ஹெல்மெட்டை மாட்டினாள். அதிகாரி வழக்கம்போல் திரையை இழுத்துவிட்டு வெளியே போகப் பார்த்தார்.

"திரைய மூட வேணாம் சார். நீங்களும் ஒரு ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு இங்கயே நில்லுங்க."

இப்படி யாரும் கேட்டதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மாட்டிக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் சூடு ஆறுகிற வரை காத்திருந்து குனிந்து பார்த்தார். பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்கே. பதினேழாம் நம்பருக்கு நீ என்னம்மா வேணும்?"

"தங்கச்சி."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். "அண்ணன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு."

அவள் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டில் தழும்பு தெரிந்தது.

"அவரையும் ஒரு நாள் வரச் சொல்லுங்க சார். இதே எடத்துல நிக்க வச்சு ஒரு தகடு குடுங்க" என்றாள். "பக்கத்துலயே நின்னு பாருங்க."