உள்ளங்கை திரும்பிய நாள்

நர்சிங் கல்லூரியின் உடற்கூறு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளை எல்லோரும் 'லேப் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது பதினான்கு வருடமாக அவள் வேலை. எப்போதும் விறைப்பாக நின்றதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்று காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளையை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனபோது தாங்கியின் சக்கரம் எதிலோ இடறியது. எலும்புகளைக் கோத்திருந்த துருப்பிடித்த கம்பி பட்டென்று அறுந்தது. மடமடவென்று சரிந்த மாப்பிள்ளை அறை முழுக்கச் சிதறிப்போனான். மண்டையோடு மட்டும் மேஜைக்கடியில் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது.

பதினோரு மணிக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளரை அழைத்துவரப் பேராசிரியை ரயில் நிலையம் போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரேதான் அவள் கணவனின் சைக்கிள் கடை. அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, கம்பி, ஸ்குரூ, ஸ்பிரிங் எல்லாம் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. மாப்பிள்ளை விழுந்துட்டான்!"

"ஐயோ, யாரு வீட்டு மாப்பிள்ளை? ஆஸ்பத்திரிக்குச் சொன்னியா?"

வந்து பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது நம்மால ஆகுற காரியமா? பேசாம பிரின்சிபால் கால்ல விழுந்துடலாம்."

"விழுறதுக்கும் முட்டி மடங்கணும். முதல்ல இவனோட முட்டியைத் தேடுங்க."

அவளுக்கு எலும்புகளின் பெயர் பாதிகூடத் தெரியாது. ஆனால் விரல்களுக்கு ஒவ்வொன்றின் மேடும் பள்ளமும் அத்துப்படி. முதுகெலும்புத் துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கினாள். "மேல சின்னது, கீழ போகப் போகப் பெருசு. அடியில இருக்கிறவன்தானே மொத்தப் பாரத்தையும் தாங்கணும்."

"நம்ம வீட்ல நான் மாதிரி."

"பேச்சைக் குறைங்க. முதுகைக் கோக்குற அந்த இரும்புத் தண்டை என்ன பண்றீங்க?"

"விழுந்ததுல வளைஞ்சிருக்கு. நிமித்துறேன்."

"ஐயய்யோ, விடுங்க! முதுகு அப்படித்தான் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். அதனாலதான் குதிச்சாலும் அதிர்ச்சி நேரா மண்டைக்கு ஏறாதுன்னு மேடம் கிளாஸ்ல சொல்வாங்க."

காலைப் பொருத்தியதும் இன்னொரு வேடிக்கை. கணவன் மாட்டிய முட்டி முன்பக்கமாக மடங்கியது. "இவன் நடந்தா ஊரே ஓடிடும்," என்றவள், கணவனை நாலு தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வைத்துப் பார்த்து, எலும்பைத் திருப்பி மாட்டினாள். தொடையின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தபோது இருவருமே கைதட்டினார்கள்.

மிஞ்சியது முன்கை. இரண்டு எலும்புகள். முன்பு இரண்டையும் மேலும் கீழும் இறுக்கி முடுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் உள்ளங்கை ஒருநாளும் திரும்பியதில்லை. அதே மாதிரி கணவன் ஸ்குரூவைத் திருகத் தொடங்கினான். அவள் சட்டென்று அவன் முன்கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாதீங்க. திருகிக்கிட்டே இருங்க."

அவள் விரலுக்கடியில் ஓர் எலும்பு அசையாமல் கிடந்தது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மட்டும் அதன்மேல் குறுக்கே புரண்டு, திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே கூத்து. இத்தனை வருடம் இந்தக் கையால்தானே சாவி திருகினோம், துணி பிழிந்தோம் என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"இந்த எலும்பை இறுக்காதீங்க. இது சுத்தணும்!"

"அப்போ மேல் முனைக்கு ஒரு வளையம் போடறேன். அதுக்குள்ளயே சுத்தட்டும்," என்றான் அவன். சைக்கிள்காரனுக்கு அது சொல்லித் தரவேண்டிய விஷயமில்லை.

பதினொன்றுக்குத் தேர்வு தொடங்கியது. "உள்ளங்கை எப்படித் திரும்புதுன்னு காட்டும்மா," என்றார் தேர்வாளர். மாணவி தயங்கிக்கொண்டே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு எலும்புகளும் அழகாகக் குறுக்கிட்டு நின்றன. அவள் கண் விரிந்தது. பதில் தடங்கலில்லாமல் வந்தது. தேர்வாளர் தானே எழுந்து வந்து அந்தக் கையை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்.

"எங்க வாங்கினீங்க இதை?"

பேராசிரியை விழித்தார். லேப் அக்கா நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். கேட்டு முடித்ததும் பேராசிரியைதான் முதலில் சிரித்தார்.

தேர்வாளர் மூலையில் நின்ற கணவனைப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. சைக்கிள்."

மாலையில் பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது; உட்கார மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிய தோள்கள், படியேறிய முட்டிகள், பின்னால் திரும்பிப் பேசிய கழுத்துகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்ன, என்னையே அப்படிப் பார்க்கிற?" என்றான் கணவன்.

"உங்களுக்குள்ள இவ்வளவு நல்ல வேலைப்பாடு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள் அவள்.