திரும்பிப் பார்க்காதவன்

இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுப் பாறைகளுக்கு முக்குளிப்பவர்களை ஏற்றிப் போகிற ஆர்ச்சி, படகில் ஏறும் எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கையைத்தான் சொல்வான்.

"கீழ கடல்நாய் வந்து கால் துடுப்பைக் கடிச்சு இழுக்கும். திரும்பிடாதீங்க. சந்தையில கையைப் பிடிச்சு இழுக்கிற வியாபாரி மாதிரிதான் அது. ஒரு தடவை பார்த்தீங்கன்னா அப்புறம் விடாது."

ஹெஸ்டர் தன் சிவப்புக் கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் நான் கூப்பிட்டாலே திரும்ப மாட்டார். கடல்நாய்க்கா திரும்பப் போறார்?"

"நீ கூப்பிடுறது பாத்திரம் கழுவத்தானே!" என்றான் வில்ஃப். படகே சிரித்தது.

கடல் கறுத்திருந்தது. குளிர் முகத்தை அறைந்தது. ஆளுயரக் கடற்பாசிக் காட்டுக்குள் விளக்கோடு வில்ஃப் முன்னால் நீந்தினான். வழக்கம்போல ஹெஸ்டர் பின்னால் வந்தாள்.

வலது துடுப்பை ஏதோ இழுத்தது. வில்ஃப் திரும்பவில்லை. மறுபடி இழுத்தது, இன்னும் வேகமாக. சரியான முரட்டு வியாபாரி என்று நினைத்துக்கொண்டு காலை உதறினான். மூன்றாவது முறை துடுப்பே கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு பிடி விட்டது. பேரத்தில் ஜெயித்தவனைப்போல அவன் நிம்மதியாக நீந்தினான்.

பாறை முடிகிற இடத்தில், அவனுக்கு நேர் எதிரே ஒரு கடல்நாய் அசையாமல் மிதந்தது. அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

வில்ஃப் குனிந்து காலைப் பார்த்தான். துடுப்பின் வாரில் சிவப்புக் கையுறை ஒன்று சிக்கியிருந்தது.

அப்போதுதான் திரும்பினான். பின்னால் எங்கும் ஒரு காற்றுக்குமிழிகூட எழவில்லை.