பாறை என்று எழுதிய இடம்

தகரத் தட்டில் கிடந்த பாறைத் துண்டைச் சுற்றி, காலை பத்து மணிக்கெல்லாம் பழுப்புத் தண்ணீர் தேங்கிவிட்டது.

"கேதீஸ், இங்க கொஞ்சம் வாங்க," என்று பார்த்தசாரதி கூப்பிட்டார். "உங்க பாறை அழுவுது."

மண் பரிசோதனைக் கூடத்தில் அவர்கள் இருவர் மட்டுமே தமிழர். பார்த்தசாரதி திருச்சிக்காரர், மெல்பேர்ணுக்கு வந்து நான்கு வருடம். கேதீஸ்வரன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை. நிறைகிற நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. அன்றுதான் அவனுடைய வேலை நிரந்தரமாகும். அதன்பிறகு மனைவி ரஞ்சினி கொழும்பில் டிக்கெட் எடுக்கலாம் என்று எழுதியிருந்தான்.

கேதீஸ்வரன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. துண்டைக் கையில் எடுத்து அமுக்கினான். அது விரல்களுக்கிடையே பிதுங்கியது. நீர் முழங்கை வரை வழிந்தது. உள்ளங்கையில் மிஞ்சியது ஒரு பிடி பாசி நார்.

"நான் டப்பாவை மாத்தி எடுத்துட்டேனோன்னு லேபிளைப் பார்த்தேன்," என்றார் பார்த்தசாரதி. "உங்க கையெழுத்துதான். பாறைத் துண்டு, பதினொன்றாம் இடம்."

"ஓம். என்ரை எழுத்துத்தான்."

இரண்டு வாரத்துக்கு முன், இந்த நாட்டில் குளிர்காலம் முடிகிற செப்டெம்பர் தொடக்கத்தில், அவன் அந்த மலைச் சமவெளிக்குப் போயிருந்தான். மின்கம்பங்கள் ஏற்றிய லொறிகள் ஒரு சதுப்பைக் கடக்க வேண்டும். தரை தாங்குமா என்று சொல்ல வேண்டியது அவன். அங்கே இருந்தது பீட் மண். பாசி செத்து, அதன்மேல் பாசி முளைத்து, பல நூறு வருடம் நீரில் ஊறியே கிடந்து ஆன மண். இருபத்திரண்டு இடங்களில் இரும்புக் கம்பியை இறக்கினான். எல்லா இடத்திலும் தேங்கிய தண்ணீர், ஒரு சாண் சேறு. அதற்குக் கீழே ணங்கென்று நின்றது.

அந்த ஓசை அவனுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கே அலவாங்கால் நிலத்தைக் குத்தித் தோண்டினாலும் இரண்டடியில் கேட்கிற ஓசை. சுண்ணாம்புக் கல்லின் ஓசை. கடுங்குளிரில் மண்ணே கல்லாக உறைந்துபோகும் என்று அவன் படித்திருந்தான். ஆனால் அவனுடைய கை படித்திருக்கவில்லை. கை, கல் என்றது. அவன் பாறை என்று எழுதினான். விரல் விறைத்த அந்திவேளையில் ஒரு துண்டைப் பெயர்த்து, சேறு ஒட்டியபடியே டப்பாவில் போட்டான். டிரைவர் அதை மற்ற மாதிரிகளோடு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். இங்கே வந்ததும் எல்லாம் ஒன்றாக ஃப்ரீசருக்குள் போயின.

கேதீஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலே அத்தனை தண்ணீர் தேங்கி நின்றதன் காரணம் இப்போது விளங்கியது. பாறை தடுத்த தண்ணீர் அல்ல. உறைந்த மண் தட்டு கீழே விடாத தண்ணீர். அந்தத் தட்டு எத்தனை தடிப்பு, அதற்குக் கீழே சேறு எத்தனை ஆழம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

"நான் என்ன எழுதினனான் தெரியுமே?" என்றான் கடைசியில். "மேல் சேற்றை வழிச்செடுத்துப்போட்டு சரளை போடலாம் எண்டு."

பார்த்தசாரதிக்கு அது விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. மேலே மூடிக் கிடந்த பாசிச் சேறுதான் வெயிலிலிருந்து அந்தப் பனியை ஒரு கம்பளிபோலக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை வழித்தால் சில நாளிலேயே அடித்தட்டு இளகிவிடும்.

"ரிப்போர்ட் போயிடுச்சா?"

"போன வெள்ளி. வழிக்கத் தொடங்கியிருப்பாங்கள். முதலாவது லொறி வாற திங்கள்."

பார்த்தசாரதி கதவைச் சாத்தினார். "இதோ பாருங்க. ஒரு சின்ன துணைக்குறிப்பு அனுப்புங்க. வெயில் காரணமா தரையின் தன்மை மாறியிருக்கலாம், மறுபடி பார்க்கணும்னு. பொய் கிடையாது. உங்க பேரும் கெடாது. அடுத்த வெள்ளி தாண்டட்டும்."

"தபால் எப்ப போய்ச் சேரும்?"

"செவ்வாய், புதன்..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போன்ல சொன்னா?"

"ஏன் எண்டு கேப்பாங்கள். மாறியிருக்கலாம் எண்டதுக்கு ஒருத்தனும் லொறியை நிப்பாட்ட மாட்டான், பார்த்தா. பாறை இல்லை எண்டால்தான் நிப்பாட்டுவான்."

"அப்ப யார் பாறைன்னு சொன்னதுன்னு கேப்பான்."

"ஓம். கேப்பான்."

லொறி ஓட்டப் போகிற மனிதனை கேதீஸ்வரன் பார்த்ததில்லை. ஆனால் பாரம் ஏற்றிய லொறி சேற்றில் ஒரு பக்கமாகச் சரிந்தால் எந்தக் கதவு அடியில் போகும் என்று அவனால் கணக்கிட முடிந்தது. தகரத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு மாடி ஏறினான்.

மேலதிகாரி ஹார்டிங் தட்டையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். அவன் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு மலையிலிருந்த வேலைக் கொட்டகைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே பாதித் தூரம் வழித்தாயிற்று என்றார்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் யாரோ கத்தியது அறையெங்கும் கேட்டது. எங்கள் தவறுதான் என்றார் ஹார்டிங். 'எங்கள்' என்ற அந்தச் சொல் கேதீஸ்வரனுக்கு வசவைவிட வலித்தது.

பேசி வைத்ததும், சனிக்கிழமை தானும் அவனோடு மலைக்கு வருவதாகச் சொன்னார். வேலை நிரந்தரமாவதைப் பற்றி அடுத்த வெள்ளி பேச்சில்லை, இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். குரலில் கோபமில்லை. முதலிலேயே வந்து சொன்னதற்கு நன்றியும் சொன்னார்.

மத்தியானம் பார்த்தசாரதி தன் தயிர்சாதத்தில் பாதியை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். கேதீஸ்வரன் நீலநிற விமானத் தபால் தாளை எடுத்தான்.

அன்புள்ள ரஞ்சினி, டிக்கெட் இப்போது எடுக்க வேண்டாம், என்று தொடங்கினான். காரணம் எழுத வேண்டும். உறைந்த நிலத்தை ஒருநாளும் மிதித்திராத ஒருத்திக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். பிறகு, தானும் மிதித்தபோது அறியவில்லையே என்று தோன்றியது. அதையே எழுதினான்.