அண்ணியின் மாத்திரை டப்பா

திங்கட்கிழமை என் மருந்துக்கடையில் பிரஷர் பார்ப்பது இலவசம். அப்படிப் போர்டு வைத்தாலும் வைத்தேன், நோய் இல்லாதவர்கள்தான் முதலில் வந்து கையை நீட்டுகிறார்கள். 'உப்பைக் குறையுங்கள்' என்று நான் எழுதி ஒட்டியதைச் சிப்ஸ் தின்றுகொண்டே சத்தமாக வாசிக்கிறார்கள். முன்பென்றால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இப்போது திட்டக்கூடத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் என்பதால் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கடையைத் திரும்பத் திறந்தபோது, ஊருக்குப் போயிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு சொட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் சொன்னாளாம், சொல்லிக்கொள்ளட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

தெருவில் வயதானவர்களுக்கு ஒரு வார மாத்திரையைக் கிழமை எழுதிய டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுப்பதும் என் வேலை. டப்பா காலியாக வந்தால்தான் நிரப்புவேன். மிச்சம் வைத்துக் கொண்டுவந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். டெய்லர் அண்ணன் ஒருநாளும் மிச்சத்தோடு வந்ததில்லை. டப்பா அவர் மனைவியுடையது. அண்ணிக்கு மாடிப்படி இறங்க முடியாது.

"அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டபடியே நிரப்புவேன்.

"அவளுக்கென்ன, கால்தான் போச்சு, வாய் அப்படியே இருக்கு" என்பார்.

அன்று டப்பாவை மேஜையில் வைத்தவர், மேஜையையே பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். பிரஷர் அதலபாதாளத்தில் கிடந்தது. மறுபடி பார்த்தேன், அதேதான். பெஞ்சில் படுக்கவைத்துக் காலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளினேன்.

"உங்களுக்குத்தான் பிரஷர் மாத்திரையே கிடையாதேண்ணே. யாரோடதை எடுத்து முழுங்கினீங்க?"

"அவளோடதுதான்."

"அறிவிருக்கா? அப்ப அண்ணி எதைச் சாப்பிட்டாங்க?"

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ போயிட்டாம்மா. மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன இடத்துல. ரெண்டு மாசமாச்சு."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கேள்விதான் வந்தது.

"அப்புறம் ஏன் இதைத் தின்னு தொலைக்கிறீங்க? என்கிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா ஏன் மிச்சம்னு கேப்ப. தூக்கிப் போடவும் மனசு வரல, அவளுக்குன்னு நீ எண்ணிப் போட்டது. இங்க யாருக்கும் சொல்லல. மக போன் பண்ணா ஒரே அழுகை. அண்ணி எப்படி இருக்காங்கன்னு கேக்க உன்னை விட்டா ஆளில்ல. அதைக் கேக்கத்தான் வாரா வாரம் வரேன்."

"இன்னும் கொஞ்ச நாள் தின்னா நீங்களும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"தலை சுத்துச்சு. வயசாகுதுன்னு நினைச்சேன்."

டப்பாவை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன்.

"இனிமே இது கிடையாது."

"வெறும் டப்பாவையாவது குடேன்."

"கிடையாதுண்ணே. அண்ணி இல்ல."

அவர் விக்கி விக்கி அழுதார். மூக்கு ஒழுக, வெட்கமே இல்லாமல், சின்னப் பிள்ளை கணக்காக. நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பொறாமையாக இருந்தது. இந்த மனுஷனால் முடிகிறதே என்று நெஞ்செல்லாம் பொறாமை.

பக்கத்து கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் வண்டி அனுப்புகிறார், அதுவரை எழுந்திருக்க விடாதீர்கள் என்றார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முகத்தில் ரத்தம் திரும்பத் தொடங்கியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என் கதையையே பேசிட்டிருக்கேன் பாரு. உன் வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்? சாயங்காலமானா ஸ்கூட்டரோட வாசல்ல நிப்பாரே, ஆளையே காணோம்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"நல்லா இருக்கார்ண்ணே."

வாசலில் வண்டி வந்து நின்றது. என் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"நான் கேட்டேன்னு சொல்லும்மா."

"சொல்றேண்ணே" என்றேன்.