டோனின் கல்லறையில் விளைந்த ட்ரஃபிள்

எங்கள் ஊர் ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவான். பழைய காதலியின் பெயரைக்கூடச் சொல்லிவிடுவான். மண்ணுக்கடியில் விளைகிற, தங்க விலை விற்கிற ட்ரஃபிள் காளானை எடுக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். என் வீட்டுக்காரர் டோனின் ஆயுசு முழுக்க மிர்னா ஆற்றங்கரைக் காட்டுக்குப் போனார், சேற்றுப் பூட்ஸோடு திரும்பி வந்தார், சாப்பாட்டு மேஜை மேல் உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்த ட்ரஃபிளை வைத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டால், "மண்ணுக்குள்ள" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவர் சாகும்போதும் சொல்லவில்லை. எங்கள் நாய் மோராதான் சொன்னாள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவளைக் காட்டில் அவிழ்த்துவிட்டேன். ஒரு இடத்தையும் மோந்து பார்க்காமல் நேரே ஓடி, ஒரு மரத்தடியில் நின்று, "இவ்வளவு நாளா எங்க போயிருந்தே" என்பதுபோல என்னைப் பார்த்தாள். எந்த மரம் என்று உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. அந்த மரத்தடியை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது, அவ்வளவு சொன்னால் போதும்.

இப்படி நாலு வருஷம் போனபோது என் தம்பி மகள் நிவெஸ் ப்ளாக்செயின் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பதிவேட்டைக் கொண்டுவந்தாள்.

நிவெஸ்தான் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறாள். சங்கம் படுத்துக் கிடந்தது. எங்கிருந்தோ வந்த மட்ட ரக ட்ரஃபிளை எல்லாம் எங்கள் பகுதியான இஸ்திரியாவின் ட்ரஃபிள் என்று விற்றுவிட்டார்கள், வாங்குகிறவர்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. வியன்னாவில் ஒரு பெரிய ஓட்டல்காரரைப் பிடித்து நிவெஸ் ஒப்பந்தம் போட்டாள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ட்ரஃபிளும் எங்கே தோண்டப்பட்டது என்பது பதிவாக வேண்டும்.

சங்கத்துக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து விளக்கினாள்.

"ட்ரஃபிள் வெளிய வந்ததும் மண்ணு ஒட்டியிருக்கும்போதே போன்ல ஒரு படம் எடுக்கணும். எந்த இடம், எந்த நேரம்னு போனே எழுதிக்கும். அது நம்ம கம்ப்யூட்டர்ல, லாரிக்காரங்க கம்ப்யூட்டர்ல, வியன்னால, எல்லாத்துலயும் ஒரே சமயத்துல ஏறிடும். ஒருத்தர் தன்னோடதுல மாத்தினா மத்தவங்களோடது காட்டிக்கொடுத்துடும். அதனால யாரும் திருட்டு வேலை பண்ண முடியாது."

"இடத்தை யாரு பாப்பாங்க?" என்று கேட்டான் ப்ரூனோ. பக்கத்து ஊரிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன்.

"ஓட்டல்ல சாப்பிடறவங்ககூட பாக்கலாம். தட்டுக்குப் பக்கத்துல ஒரு அட்டை இருக்கும். அதுல போனைக் காட்டினா வரைபடம் வந்துடும்."

மூலையில் உட்கார்ந்திருந்த லிவியோ ஒரு கிளாஸ் பிஸ்கா சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தான்.

லிவியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோனினுக்கு அவன் சின்ன வயதுக் கூட்டாளி, சேர்ந்து பந்து உருட்டி விளையாடுவார்கள். டோனின் போன பிறகு என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவன் திருப்பினால் எனக்கும் திருப்பத் தெரியும்.

"எல்லாருக்கும் சம்மதமா?" என்றாள் நிவெஸ்.

எல்லோரும் சம்மதம் என்றோம். அவ்வளவு சீக்கிரம் நாங்கள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் போட்ட கணக்கு சுலபம். படம் எடுக்கும் இடத்தைத்தான் போன் எழுதிக்கொள்கிறது, தோண்டிய இடத்தை இல்லை. ட்ரஃபிளை மண்ணோடு துணியில் சுற்றி எடுத்துவந்து, யாரும் மண்வெட்டியோடு வரத் துணியாத இடத்தில் வைத்துப் படம் எடுத்தால் தீர்ந்தது. காட்டிலிருந்து ஊருக்கு ஏறும் பாதையில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. விதவை கல்லறைக்குப் போனால் ஏன் என்று கேட்பார் உண்டா? டோனின் கல்லறை மேல் ட்ரஃபிளை வைத்தேன், படம் எடுத்தேன், சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது தடவை போனபோது லிவியோ அவன் அம்மா கல்லறை முன்னால் முழங்காலில் இருந்தான். அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது ஒரு காப்பி வாங்கித் தராதவன். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான். அடுத்த தடவை ப்ரூனோவும் இருந்தான். அவனுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ரத்த சொந்தம் என்று யாருமே கிடையாது. ஆஸ்திரிய ராஜா காலத்துத் தபால்காரர் ஒருவர் கல்லறை முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"யாரு, உன் உறவா?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன்," என்றான்.

இப்படியே மற்றவர்களும். அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் ஷிமே பிரசங்கத்தில் எங்களை மனம் விட்டுப் பாராட்டினார். இறந்தவர்களை இவ்வளவு நினைக்கும் ஊரைத் தான் பார்த்ததில்லை என்றும், சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த பிறகும் காலையில் ஜனம் வருகிறது, அதுவும் நாயோடு வருகிறது என்றும் சொன்னார். லிவியோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைப் பார்த்தேன்.

அந்தப் பாராட்டு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒரு விடிகாலையில் நாய்களோடு வந்து கல்லறைத் தோட்டத்தை மோப்பம் பிடித்து, செவ்வந்திப் பூந்தொட்டிகளை எல்லாம் கவிழ்த்து, தபால்காரரின் கால்மாட்டில் ஒரு பள்ளமும் தோண்டிவிட்டார்கள். சாமியார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினார்.

"ட்ரஃபிள் இங்கதான்னு கம்ப்யூட்டரே சொல்லுது சாமி, நீங்க ஏன் மறைக்கிறீங்க?" என்று கேட்டார்களாம்.

பொய் இடத்துக்கே இந்தக் கதி. என் மரத்தடி அந்த வரைபடத்தில் ஏறியிருந்தால்?

அந்த வாரமே வியன்னாவிலும் வெடித்தது. ஓட்டலில் ஒரு அம்மாள் முட்டைப் பொரியல் மேல் சீவிப் போட்ட ட்ரஃபிளைச் சாப்பிட்டுக்கொண்டே அட்டையில் போனைக் காட்டியிருக்கிறாள். மேலிருந்து எடுத்த படத்தில் வரிசை வரிசையாகச் சிலுவை. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாளாம்.

ஓட்டலிலிருந்து பிக்லர் என்றொருவர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சங்கத்துச் சுவரில் வரைபடத்தைக் காட்டினார். காடு முழுக்க வெறுமை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். அவர் ஜெர்மனில் பேசினார், நிவெஸ் தலையைக் குனிந்துகொண்டே எங்களுக்குச் சொன்னாள்.

"ஒண்ணு, உங்க ட்ரஃபிளெல்லாம் பொணத்து மேல வளருது. இல்லைன்னா நீங்க எல்லாரும் பொய் சொல்றீங்க. ரெண்டுல எதுன்னு அவரு கேக்கறாரு."

"அதை அழிச்சிடு. புதுசா ஆரம்பிப்போம்," என்றான் ப்ரூனோ.

"அழிக்க முடியாது. அதுக்குத்தானே இதை வச்சிருக்கு. கீழ ஒரு திருத்தம் வேணா எழுதலாம்."

"பாவசங்கீர்த்தனம் பண்ணா பாவத்தைக் கடவுளே அழிச்சிடறாரு," என்றான் லிவியோ. "இவங்க அவருக்கும் மேலயா?"

பிக்லர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

பிறகு ஒரு வழி சொன்னார். உண்மையான இடத்திலேயே படம் எடுக்க வேண்டும். ஆனால் இடத்தின் பெயரோ வரைபடமோ எங்கும் போகாது. போனே அந்த இடத்தை அரைத்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முத்திரையாக ஆக்கிவிடும். நம் காட்டுக்குள் எடுத்ததா, ஆமாவா இல்லையா, அது மட்டும்தான் வியன்னாவுக்குத் தெரியும்.

"முத்திரையை வச்சு இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா?" என்று கேட்டேன்.

நிவெஸ் யோசித்தாள். "அத்தை, நீங்க பன்னிக்கறியை அரைச்சு சாசேஜ் போடறீங்கல்ல. அதைப் பாத்துப் பன்னியோட மூஞ்சி எப்படி இருந்ததுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

"என் சாசேஜ்ல முடியாது. லிவியோ வீட்டுதுல சில சமயம் காது தெரியும்."

லிவியோவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. பிக்லர் சனிக்கிழமை வரை இருப்பதாகவும், அதற்குள் உண்மையான முத்திரைகள் வராவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

எல்லோரும் போன பிறகு நிவெஸ் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒப்பந்தம் போனா சங்கத்தை மூடிடுவாங்க அத்தை," என்றாள். "நான் ரியேகா பட்டணத்துல வேலை தேடிக்கறேன். உங்க இடத்தைச் சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன். மாமாவே உங்ககிட்ட சொல்லல."

அவள் கெஞ்சியிருந்தால் நான் மறுத்திருப்பேன். கெஞ்சாமல் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அதுதான் என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் மோராவோடு போனேன். அவள் தோண்டினாள், வாதுமைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தது. போனை நீட்டினேன். விரல் அமுங்கவில்லை. சுற்றிப் பார்த்தேன், ஒரு மரங்கொத்தி மட்டும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். போனில் எஃப் ஏழு, பி மூன்று என்று வாயில் நுழையாத ஏதோ வந்தது. அதில் என் மரம் தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. சாசேஜ்தான்.

நான் படம் எடுத்த செய்தி ஊருக்குள் பரவியதும் மற்றவர்களும் எடுத்தார்கள். டோனின் பெண்டாட்டி ஒண்டீனாவே எடுத்துவிட்டாள், நாம் பயந்தால் கேவலம் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை எல்லோரும் கூடினோம். சுவரில் இப்போது வரைபடம் இல்லை. பெயரும் எதிரே முத்திரையும் மட்டும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'காட்டுக்குள், ஆம்' என்று பச்சை. பிக்லர் முதல் தடவையாக ஒரு வாய் மால்வாசியா ஒயின் குடித்தார். நிவெஸ் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அப்புறம் அவள் சுவரை உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, உங்க போனை லிவியோ மாமாகிட்ட குடுத்தீங்களா?"

"அவன்கிட்ட நான் தீப்பெட்டிகூடக் குடுக்க மாட்டேன்."

"அப்படின்னா எப்படி உங்க ரெண்டு பேரு முத்திரையும் ஒண்ணா இருக்கு?"

பிக்லர் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நிவெஸ் மெதுவாக மொழிபெயர்த்தாள். "முத்திரையை வச்சு இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஒரே இடத்தை அரைச்சா ஒரே முத்திரைதான் வரும். எந்த இடம்னு அவருக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே இடம்ங்கறது மட்டும் தெரியும்."

ப்ரூனோவுக்கு அன்று பிறந்தநாள் மாதிரி ஆகிவிட்டது. "அடடே, ஒரே பாத்தி. கல்யாணம் எப்போ?"

நான் லிவியோவைப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக. எழுந்து வெளியே போனான். நானும் போனேன். யாரோ பின்னால் வர, "உக்காருங்கடா" என்று நிவெஸ் அதட்டியது கேட்டது.

பந்து உருட்டும் மைதானத்தின் நடுவில் போய் நின்றோம். அங்கேதான் ஒளிந்து கேட்க மறைவு கிடையாது.

"செவ்வாய்க்கிழமை என்னோடது," என்றான் லிவியோ.

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"திங்கள், புதன், வெள்ளி டோனினோடது. செவ்வாய், வியாழன், சனி என்னோடது. ஞாயிறு நாய்க்கு லீவு. இருபது வயசுல கை குடுத்துப் பேசினது. ஒருத்தனும் ஒரு நாள் மீறினதில்ல. அவன் செத்தப்புறம் மரியாதைக்கு ரெண்டு மாசம் நான் அந்தப் பக்கமே போகல. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை போறேன், மண்ணு கிளறிக் கிடக்கு, உன் பூட்ஸ் தடம். வியாழக்கிழமையும். சனிக்கிழமையும். நாலு வருஷமா என் நாள்ல வந்து அள்ளிட்டுப் போறே, கோயில்ல பாத்தா நீ மூஞ்சியைத் திருப்பிக்கறே."

"நீ திருப்பினதாலதான் நான் திருப்பினேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"டோனின் சொல்லலையா?"

"மரத்தையே சொல்லாத ஆளு கிழமையைச் சொல்லுவாரா?"

லிவியோவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட சத்தியம் வாங்கினான், பெண்டாட்டிகிட்ட சொல்லக் கூடாதுன்னு," என்றான். "நானே என் மரியாகிட்ட சொன்னதில்ல."

"வெறுங்கையோட வந்த நாள்லாம் மோராவைத் திட்டியிருக்கேன்," என்றேன். "கிழவியாயிட்டே, மூக்கு போச்சுன்னு."

"அன்னிக்கெல்லாம் நான் முந்தியிருப்பேன்."

திங்கள், புதன், வெள்ளி எனக்கு. கை கொடுத்தோம். இப்போது யார் நாள் மீறினாலும் அது எல்லோர் கம்ப்யூட்டரிலும் ஏறிவிடும், எங்கே என்று மட்டும் ஏறாது. டோனின் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்திருப்பார்.

உள்ளே திரும்பினபோது நிவெஸ் பழைய கல்லறைப் பதிவுகளுக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே காரணம் போட வேண்டுமாம்.

"என்ன போடட்டும் அத்தை? பொய் வேண்டாம், இதுவும் அழியாது."

யோசித்தேன். "வீட்டுக்காரருக்குக் காட்டப் போனேன்னு போடு."

லிவியோ, "எனக்கும் அதே மாதிரி, அம்மான்னு மாத்திப் போடு," என்றான். ப்ரூனோ ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மறைந்த தபால்காரருக்கு அஞ்சலி" என்று போடச் சொன்னான். பிக்லர் மூன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்றாவதில் சிரித்துவிட்டார். ஒப்பந்தம் நிலைத்தது. நிவெஸ் ரியேகாவுக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் மரத்தடியிலேயே படம் எடுத்துவிடுகிறேன். ஆனாலும் திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன். எழுதிப் போட்டது பொய்யாகிவிடக் கூடாது. ட்ரஃபிளைக் கல் மேல் வைத்துக் காட்டுகிறேன். அப்புறம் மோராவும் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவரைத் திட்டுகிறோம்.

"திங்கள், புதன், வெள்ளி. மூணே மூணு வார்த்தை, மனுஷா. சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

மண்ணுக்குள்ளே இருந்துகொண்டு இன்னும் வாயைத் திறக்கவில்லை.