ஜோலீன் பார்த்து வைத்த இடம்

ஜூலை பிறந்தால் தர்ஸ்டன் வீட்டார் கரையில் இருக்க மாட்டார்கள். அண்ணன் ராய்ஸின் பாய்மரப் படகு ஒன்று, தம்பி எமரியின் படகு ஒன்று. இரண்டும் மேய்ன் கரையோரமாகக் கிழக்கே போய் ஒரு வாரத்தில் திரும்பும். பகலெல்லாம் ஓட்டம், சாயங்காலம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம். எந்தக் குடா என்று முடிவு செய்வது ராய்ஸ். அவன் முடிவு எப்போதும் ஒரே மாதிரிதான்: பேர்போன இடம், நாற்பது படகுகள், கண்ணயரும் நேரத்தில் யாரோ ஒருவருடைய கிட்டார்.

போன வருடப் பயணத்தின் கடைசிக் காலையில் அவர்களுடைய அம்மா ஹெஸ்டர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான் கடலுக்கு வந்தேனா, கார் நிறுத்துற எடத்துக்கு வந்தேனான்னே தெரியல. ஆறு ராத்திரியா பொட்டுத் தூக்கமில்ல."

"அடுத்த வருஷம் எடத்தையெல்லாம் நான் பாக்கறேன்," என்றாள் ஜோலீன்.

எமரியின் மனைவி அவள். கடலை எட்டிக்கூடப் பார்க்க முடியாத நெப்ராஸ்காவில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஊருக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. இன்னும் அவள் வெளியூர்க்காரிதான். ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏன், சோளக்காட்டுல நங்கூரம் போட்டுப் பழக்கமா?"

எமரி மனைவியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கடைசியில் வானத்தைப் பார்த்தான். ஹெஸ்டர்தான் சொன்னாள்: "பாக்கட்டுமே." அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஜோலீனுக்கு நகராட்சியில் வேலை. சாலைக்கும் வடிகாலுக்கும் வரைபடம் போடுகிறவள். வளைகோடுகளைப் பார்த்தே எங்கே மேடு, எங்கே பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவாள். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் கடல் வரைபடம்தான் விரிந்து கிடந்தது. எமரி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான். எந்தக் காற்றுக்கு எந்தத் தீவு மறைப்பு, அடியில் சேறா பாறையா, நங்கூரக் கயிறு விட்டால் படகு சுற்றிவர இடம் போதுமா, சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் விடியுமுன் மோட்டார் படகில் அந்த வழியாகத் தடதடவென்று போவார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு இரவுக்கு ஆறு இடம் தேறியது. ஒன்றிலும் விடுதி இல்லை, படகுத்துறை இல்லை. இரண்டுக்கு வரைபடத்தில் பெயர்கூட இல்லை.

முதல் இடத்திலேயே அவளுக்குச் சறுக்கியது.

இரண்டு குட்டித் தீவுகளுக்கு நடுவே, தெற்கே நீளப் பாறை ஒன்று காவலுக்கு நிற்கும் இடம் அது. சாயங்காலம் ஆறு மணிக்கு நங்கூரம் போட்டபோது தண்ணீர் கிணறு மாதிரி அசையாமல் கிடந்தது. "பரவாயில்லையே," என்று ராய்ஸே சொன்னான். ஆனால் இருட்டிய பிறகு கடல் ஏற ஏற அலை உள்ளே வர ஆரம்பித்தது. இரண்டு படகும் தொட்டில் மாதிரி ஆடின. அலமாரியில் இருந்த தட்டுகள் தரைக்கு வந்தன. விடிந்தபோது யாருடைய முகத்திலும் தூங்கிய களை இல்லை.

ராய்ஸ் தன் படகிலிருந்தே கத்தினான்: "அமைதியான எடம்னு சொன்னாங்களே, அது எந்தப் பக்கம் இருக்கு?"

கடல் வற்றியிருந்தது, காவல் பாறை பாசியும் ஈரமுமாக மறுபடியும் தலை தூக்கி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஜோலீனுக்குச் சட்டென்று புரிந்தது. வற்றும்போது மட்டும்தான் அது சுவர். ஏறும்போது பத்தடித் தண்ணீர் அதன் மேல் ஓடுகிறது. அப்போது சுவரும் இல்லை, காவலும் இல்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் தங்கள் படகிலிருந்த ஹெஸ்டரிடம். "வத்தத்துல ஆழம் போதுமான்னு பாத்தேன். ஏத்தத்துல மறைப்பு நிக்குமான்னு பாக்கல."

"சரி, இப்பப் பாரு," என்று ஹெஸ்டர் ரொட்டியை நறுக்கினாள்.

காலை உணவு முடிவதற்குள் மீதி ஐந்து இடங்களையும் கடல் நிரம்பிய கணக்கில் திரும்பப் பார்த்தாள். இரண்டைப் பட்டியலிலிருந்து அடித்தாள். அன்றைக்கான குடா தேறியது: மூன்று பக்கமும் மரம் அடர்ந்த உயர்ந்த கரை, எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் முழுகாது. வாய்தான் குறுகல். நடுவே ஒரு பாறை மூழ்கிக் கிடந்தது. கடல் பாதி வற்றுவதற்குள், அதாவது நாலு மணிக்குள், நுழைந்துவிட வேண்டும்.

மதியம் வானிலை அறிவிப்பு வந்தது. சாயங்காலம் இடியோடு புயற்காற்று, திடீரென வடமேற்கிலிருந்து. ராய்ஸ் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"ஜோலீன், இந்தக் காத்துல அந்தப் பொந்துக்குள்ள நான் நுழைய மாட்டேன். பெரிய துறைமுகத்துக்குப் போறேன். நீங்களும் வாங்க."

"அது வடமேற்குக்கு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு, ராய்ஸ். அங்க போகாதீங்க."

"முப்பது வருஷமாப் போறேன்மா."

அவன் போய்விட்டான். எமரியின் படகு குடாவின் வாய்க்கு வந்தபோது மணி மூன்றரை. ஜோலீன் படகின் முன்முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுக்கானில் எமரி இருந்தான்.

"ஜோ, பாறை தெரியுதா?"

"இன்னும் இல்ல. மெதுவா வா."

"தெரியலைன்னா எப்படி…"

ஹெஸ்டர் எழுந்து வந்தாள். "தள்ளுடா," என்று மகனை ஒதுக்கிவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். "பொண்ணே, நீ கையக் காட்டு. நான் திருப்பறேன்."

ஜோலீன் இடக்கையை நீட்டினாள். படகு இடப்பக்கம் ஒதுங்கியது. தண்ணீருக்கடியில் பழுப்பாக ஒரு முதுகு தெரிந்தது, வரைபடம் சொன்ன அதே இடத்தில். அது வலப்பக்கமாக நகர்ந்து பின்னால் போனது. கையை நேரே காட்டினாள். அவ்வளவுதான், உள்ளே இருந்தார்கள். நங்கூரம் சேற்றில் இறங்கியது. எமரி எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கி இழுத்துப் பார்த்தான். ஒரு அங்குலம் நகரவில்லை. நீர்நாய் ஒன்று தலையை நீட்டி, இவர்கள் யார் என்று பார்த்துவிட்டுப் போயிற்று.

ஐந்தரைக்குக் காற்று வந்தது. கரையில் மரங்களின் உச்சி வளைந்து நிமிர்ந்தது, பாய்மரத்தின் மேலே கம்பிகள் ஊளையிட்டன. கீழே தண்ணீர் லேசாகச் சிலிர்த்ததோடு சரி. ஹெஸ்டர் அடுப்பில் மீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

காற்று அடங்கியதும் ரேடியோவில் ராய்ஸின் குரல் வந்தது.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? இங்க பெரிய கூத்து. ஆறு படகு நங்கூரம் பிடுங்கிக்கிட்டு ஒண்ணுமேல ஒண்ணு போய் விழுந்துச்சு. ஒருத்தன் கயிறு என் கயித்தோட சிக்கிக்கிச்சு. அடி ஒண்ணும் இல்ல. அங்க எப்படி?"

"சூப் குடிச்சிட்டிருக்கோம்," என்றாள் ஹெஸ்டர்.

வேறொரு குரல் குறுக்கிட்டது. அந்த அலைவரிசையை வளைகுடா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மன்னிக்கணும்மா, நீங்க இருக்கிறது எந்த எடம்?"

"சொல்றதுக்கில்லைங்க. எங்க மருமக பாத்து வச்ச எடம். இப்பச் சொன்னா நாளைக்கே நாப்பது பேர் வந்து நிப்பீங்க."

ரேடியோவில் யாரோ இருவர் சிரித்தார்கள். அந்த மனிதர் விடவில்லை. "உங்க பையனாவது சொல்லுவாரா?"

ராய்ஸ் சொன்னான்: "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

ஜோலீன் சூப் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள். முகத்தில் பொங்கிய சிரிப்பை அடக்க அவள் பெரிதாக முயற்சி செய்யவுமில்லை. பெருமைப்பட நியாயம் இருந்தது, பட்டாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு, கடல் பாதி ஏறிய கணக்கில் ராய்ஸின் படகு வாய்க்கு வந்தது. ஜோலீன் சின்னத் துடுப்புப் படகில் போய் அந்தப் பாறைக்கு நேர் மேலே நின்று, ஒரு துடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். வந்ததும் எஞ்சினைத் தணித்தான்.

"நங்கூரம் எங்க போடணும், ஜோலீன்?"

அவள் இடத்தைக் காட்டினாள். அவன் போட்டான், இழுத்துப் பார்த்தான், சுற்றிலும் ஒருமுறை கண்ணை ஓட்டினான். மீன்கொத்திக் கழுகு ஒன்று கரை மரத்தில் குஞ்சுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை.

"இன்னொரு ராத்திரி இங்கயே இருக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு எடத்த நேத்து அடிச்சிட்டேன். அதனால நாள் இருக்கு," என்றாள் ஜோலீன். "இருக்கலாம்."