ஓரத்தில் ஏறிய ஈரம்

"தகட்டுல அந்த ஓரத்த வெட்டிட்டு தீசிஸ்ல படத்தப் போடுங்கன்னா, ஏன் இப்படி அடம்பிடிக்கிய?"

"கணக்கே அங்கன இருந்துதான சார் தொடங்குது? அத வெட்டிட்டு எங்க போய் தொடங்க?"

"உங்க பி.எச்.டி. எக்ஸ்டென்ஷன் இந்த மாசத்தோட முடியுது. அதாவது ஞாபகம் இருக்கா?"

டீ கொண்டுவந்த பிச்சம்மாள் ஆய்வக வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் முடிக்கதுக்குள்ள டீயில ஆடை கட்டிரும்," என்று சொல்லி டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்துமதி அதே கல்லூரியில் விரிவுரையாளர். நாற்பது தாண்டிய பிறகு, வகுப்பு போக மிச்ச நேரத்தில் பி.எச்.டி. செய்கிறாள். அவள் வழிகாட்டி தேவபிரசாதம். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் எபாக்சிப் பிசின் தகட்டின் அடியை மட்டும் மீன்பிடித் துறைமுகத்து ஐஸால் குளிர்வித்தால் உள்ளே இறுக்கம் ஏறும். இரண்டு போலராய்டு வடிகட்டிகளுக்கு நடுவில் வைத்து வெளிச்சம் பாய்ச்சினால் அது வண்ணக் கோடுகளாகத் தெரியும். ஆனால் கோடுகள் காட்டுவது இரண்டு திசை அழுத்தங்களின் வித்தியாசத்தை மட்டும்தான். தனித்தனியாகப் பிரிக்க, ஒரு அழுத்தம் பூஜ்யமாக இருக்கும் பக்கவாட்டு ஓரத்தில் தொடங்கி, கட்டம் கட்டமாகக் கூட்டிக்கொண்டே எதிர் ஓரத்துக்குப் போகவேண்டும். அங்கேயும் பூஜ்யம் வரவேண்டும். இந்துமதிக்கு வரவேயில்லை. முதல் கட்டத்துப் பிசகு கடைசிவரை கூடவே வந்தது.

அவள் ஐஸை எடுத்துவிட்டாள். தகடு அறைச்சூட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டாள்.

"இப்பப் பாருங்க சார்."

குளிரும் இல்லை, சுமையும் இல்லை. தகடு முழுக்க இருட்டாக இருக்கவேண்டும். ஓரத்தில் மட்டும் கோடுகள் பளிச்சென்று நின்றன.

"ஈரம் ஏறி ஓரம் ஊதிட்டு," என்றார் தேவபிரசாதம் மெதுவாக. "எப்ப வெட்டுனது?"

"மாதா கோவில் கொடியேத்தத்துக்கு மொத நாள். நீங்கதான சார், திருவிழா முடியட்டும், வந்து பாத்துக்கிடலாம்னு சொன்னிய? அத்தன நாளும் உப்புக்காத்துல சும்மா கெடந்துருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதுசா வெட்டுங்க. எக்ஸ்டென்ஷனுக்கு நான் யுனிவர்சிட்டியில பேசிப் பாக்கேன். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா இல்ல."

இந்துமதி நாற்காலியில் சாய்ந்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆனால் தப்பான ஓரத்தை வைத்துக் கணக்குப் போட அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் புதுத் தகடு வார்த்தாள்.

அது இறுகி வர இன்னும் கொஞ்ச நாளாகும். வெட்டிய பிறகு எங்கே வைப்பது என்பதுதான் இப்போது அவள் கவலை. சிலிக்கா ஜெல் போட்ட டப்பா போதுமா, மிதமான சூட்டில் ஓவனிலேயே வைத்திருக்கலாமா? கடலோர ஊரில் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எப்படி வைத்தீர்கள் என்று தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே பதில் எழுதுங்கள்.